லாரியே இல்லாத லாரி ஆபீஸ்: அமெரிக்காவில் ஃப்ரைட் புரோக்கர் வந்த கதை

சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ பிஜியில தங்கியிருக்கிற நிறைய பேருக்கு இப்படி ஒரு ரூம்மேட் இருப்பார். ஊரே வேலை முடிஞ்சு திரும்புற நேரத்துல அவர் குளிச்சு ரெடியாகிக் கிளம்புவார். என்ன வேலைன்னு கேட்டா, "யூஎஸ் லாஜிஸ்டிக்ஸ், நைட் ஷிஃப்ட்" என்பார். ராத்திரி முழுக்க டெக்ஸாஸ்லயோ ஒஹையோவிலயோ ஓடிக்கிட்டு இருக்கிற லாரி டிரைவருக்கு போன் போட்டு, எங்க வந்திருக்கீங்க, எத்தனை மணிக்கு லோடு இறங்கும்னு கேட்கிறதுதான் அந்த வேலையில பாதி. இதுல வேடிக்கை என்னன்னா, எந்த அமெரிக்க கம்பெனிக்காக அவர் அந்த போனைப் போடுறாரோ, அந்தக் கம்பெனிக்குச் சொந்தமா ஒரு லாரிகூட இல்லாமல் இருக்கலாம்.

அந்த மாதிரி கம்பெனிக்குத்தான் ஃப்ரைட் புரோக்கர்னு பேர். சரக்கு வெச்சிருக்கிறவர் ஒரு பக்கம், லாரி வெச்சிருக்கிறவர் ஒரு பக்கம், நடுவுல இவர். சரக்குக்காரர்கிட்ட 2,000 டாலர் வாடகைன்னு பேசி, லாரிக்காரர்கிட்ட 1,700க்கு முடிச்சா, மிச்சம் 300 இவருக்கு. இது சும்மா உதாரணத்துக்குச் சொல்ற கணக்கு. ஆனா பெரிய புரோக்கர் கம்பெனிகளோட பங்கு பொதுவா இந்த 15 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும்.

நாமக்கல், சங்ககிரி பக்கம் போனவங்களுக்கு இது புதுசா தெரியாது. லாரி புக்கிங் ஆபீஸ்னு போர்டு, ஒரு மேஜை, நாலு போன், எந்த ஊர்ல இருந்து ரிட்டர்ன் லோடு கிடைக்கும்னு நாள் முழுக்கப் பேச்சு. அடிப்படை அதேதான். ஆனா அமெரிக்காவுல இந்த நடு ஆளோட கதை கொஞ்சம் விசித்திரமானது. 45 வருஷம் சட்டமே இவரை ஒரு ஓரமா உட்கார வெச்சிருந்தது. அப்புறம் இன்னொரு சட்டம் வந்து, இவர் இல்லாம சரக்கு நகர்றது கஷ்டம்ன்ற நிலைமைக்குக் கொண்டுபோய் விட்டது. அது ஏன்னு புரிஞ்சா, ஒரு பிசினஸ் எப்போ புரோக்கரைத் தேடிப் போகணும், எப்போ வேண்டாம்னு சொல்லணும்ன்றதும் சேர்ந்தே புரிஞ்சிடும்.

கதை ரயில்ல ஆரம்பிக்குது. 1887-ல அமெரிக்கா, ரயில் கம்பெனிகளோட கட்டணக் கொள்ளையைத் தட்டிக்கேட்க ஒரு ஆணையத்தை உருவாக்கிச்சு. இன்டர்ஸ்டேட் காமர்ஸ் கமிஷன், சுருக்கமா ஐசிசி. கிரிக்கெட் ஐசிசி இல்ல, அது வேற. முதல் உலகப் போருக்கு அப்புறம் ரோடும் லாரியும் பெருகுச்சு. 1929-ல பொருளாதாரம் சரிஞ்சதும் வேலை இல்லாதவங்க ஒரு பழைய லாரியை வாங்கி, கிடைச்ச வாடகைக்கு ஓட்ட ஆரம்பிச்சாங்க. ரயில் கம்பெனிகளுக்கு இது எரிச்சல். ஏற்கெனவே நாலு காசு பார்த்துட்ட பெரிய லாரி கம்பெனிகளுக்கும் எரிச்சல். ரெண்டு பேரும் சேர்ந்து கேட்டது ஒண்ணுதான்: லாரிக்கும் கட்டுப்பாடு போடுங்க.

1935 ஆகஸ்ட்ல மோட்டார் கேரியர் சட்டத்துல ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டார். அந்த வருஷம் ஜூன் 1-க்கு முன்னாடியே ஓட்டிக்கிட்டு இருந்த பொது லாரி கம்பெனிகளுக்கு லைசென்ஸ் சுலபம். புதுசா வர்றவங்க, "நான் வர்றது பொதுமக்களுக்கு அவசியம்"னு ஐசிசி முன்னாடி நிரூபிக்கணும். ஏற்கெனவே அந்த ரூட்ல ஓடுறவங்க வக்கீல் வெச்சு வந்து, அவசியமே இல்லன்னு எதிர்ப்பு தெரிவிக்கலாம். தெருவுல புதுசா ஒரு டீக்கடை வைக்க, பக்கத்து டீக்கடைக்காரர் சம்மதிக்கணும்னா எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அதுதான்.

லைசென்ஸ் கிடைச்சாலும் எந்த ரூட்ல போகணும், எந்தச் சரக்கு ஏத்தணும்னு அதுலயே எழுதியிருக்கும். போகும்போது ஏத்துற உரிமை இருக்கும், திரும்பும்போது ஏத்துற உரிமை இல்லாம போகலாம். சரக்கு எதிர்லயே கிடந்தாலும் வெறும் வண்டியா திரும்பி வரணும். இதுக்கு மேல 1948-ல ரீட்-புல்விங்கிள் சட்டம். லாரி கம்பெனிகள் ஒண்ணா உட்கார்ந்து வாடகையை முடிவு பண்ணலாம், அதைக் கூட்டுச் சதின்னு வழக்கு போட முடியாது. ஜனாதிபதி ட்ரூமன் வீட்டோ பண்ணிப் பார்த்தார். காங்கிரஸ் அதையும் தாண்டி நிறைவேற்றிடுச்சு.

இப்போ இதுக்குள்ள புரோக்கரை வெச்சுப் பாருங்க. சட்டத்துல அவருக்கும் ஒரு இடம் இருந்தது. ஐசிசி லைசென்ஸ் வாங்கலாம், ஜாமீன் பத்திரம் கட்டலாம். வாங்கிட்டு என்ன பண்றது? வாடகை அச்சடிச்ச புத்தகத்துல இருக்கு, பேரம் கிடையாது. லாரி கம்பெனிகள் எண்ணிக்கையும் கட்டுக்குள்ள. தேடிப் பிடிக்க ஒண்ணும் இல்ல, பேசி முடிக்கவும் ஒண்ணும் இல்ல. விலை உறைஞ்சு கிடக்கிற இடத்துல தரகருக்கு என்ன வேலை?

ஒரே ஒரு இடத்துல மட்டும் வேலை இருந்தது. அது வயக்காடு.

1935 சட்டம் எழுதும்போதே விவசாயிகள் தரப்பு தங்களுக்கு ஒரு ஓட்டை போட்டு வெச்சுக்கிட்டாங்க. பதப்படுத்தாத விளைபொருளை ஏத்துற லாரிக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் பொருந்தாது. தக்காளி, ஆரஞ்சு, உருளைக்கிழங்கு எல்லாத்துக்கும் வாடகை பேசுறபடி. இந்த ஓட்டைக்குள்ளதான் அமெரிக்க புரோக்கர் தொழில் கத்துக்கிட்டார்.

காய்கறியோட இயல்பை யோசிச்சுப் பாருங்க. குளிர்காலத்துல சரக்கு ஃப்ளோரிடாவுல. கோடையில கலிஃபோர்னியாவுல. இலையுதிர் காலத்துல ஆப்பிள் வாஷிங்டன் மாநிலத்துல. ஒரு வாரம் நூறு லாரி வேணும், அடுத்த மாசம் ஒரு லாரிகூட வேண்டாம். இதுக்காக யாரும் சொந்தமா நூறு லாரி வாங்கி நிறுத்தி வெச்சா, வருஷத்துல முக்கால்வாசி நாள் அது வெயில்ல காயும். அதே சமயம் பறிச்ச தக்காளி காத்திருக்காது. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள லாரி வரலைன்னா பெட்டியோட அழுகிப் போகும். எந்த லாரி இந்தப் பக்கம் இறக்கிட்டு சும்மா நிக்குது, யாரை நம்பி ஏத்திவிடலாம்ன்றது தெரிஞ்ச ஆளோட மதிப்பு அந்தச் சாயங்காலம்தான் தெரியும்.

சி.எச். ராபின்சன்னு ஒரு கம்பெனி. இன்னிக்கு அமெரிக்காவோட மிகப் பெரிய ஃப்ரைட் புரோக்கர்கள்ல ஒண்ணு. இது ஆரம்பிச்சது 1905-ல, வடக்கு டகோட்டாவுல கிராண்ட் ஃபோர்க்ஸ்ன்ற ஊர்ல. அப்போ இது காய்கறி, பழம் மொத்த வியாபாரத் தரகு. தக்காளியை விற்கணும்னா தக்காளி போய்ச் சேரணும், போய்ச் சேரணும்னா லாரி பிடிக்கணும். அப்படித்தான் லாரி பிடிக்கிற வேலை அதன் கையில வந்தது. லாரி தொழில்ல இருந்து வந்த கம்பெனி இல்ல, மண்டியில இருந்து வந்த கம்பெனின்றதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

இந்த விளைபொருள் ஓட்டையை எவ்வளவு தூரம் இழுக்கலாம்னு வழக்குமேல வழக்கு நடந்தது. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது கோழி வழக்கு. கோழியை அறுத்து, இறகு பிடுங்கி, சுத்தம் பண்ணி, ஐஸ்ல உறைய வெச்சா அது இன்னும் விளைபொருளா, இல்ல ஃபேக்டரியில செஞ்ச பொருளா? ஃபேக்டரி பொருள்னு சொன்னது ஐசிசி. விஷயம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1956-ல தீர்ப்பு: உறைஞ்சாலும் கோழி கோழிதான். நாட்டோட மிக உயர்ந்த நீதிபதிகள் உட்கார்ந்து ஒரு கோழியோட அடையாளத்தை முடிவு பண்ண வேண்டியிருந்ததுன்னா, அந்தச் சட்டம் எந்த லட்சணத்துல இருந்ததுன்னு பார்த்துக்கோங்க. இந்தத் தீர்ப்பு வெறும் ஜோக் இல்ல, இதுக்குப் பின்னாடி பெரிய பணம் இருந்தது. கோழி விளைபொருள்னா வாடகை பேசலாம், இல்லைன்னா புத்தகத்துல இருக்கிறதைக் கொடுக்கணும்.

1970-கள்ல நிலைமை மாறுச்சு. எண்ணெய் நெருக்கடி, விலைவாசி ஏத்தம். வெறும் வண்டியா ஓடுற ஒவ்வொரு மைலும் எரியற டீசல்னு எல்லார் கண்ணுக்கும் தெரிய ஆரம்பிச்சது. செனட்டர் எட்வர்ட் கென்னடி விசாரணை நடத்தினார், கார்ட்டர் அரசு ஆதரவு கொடுத்தது. எதிர்ப்பக்கம் பெரிய லாரி கம்பெனிகளும், டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கமும். முதலாளியும் யூனியனும் ஒரே பக்கம் நின்ன அபூர்வமான சண்டை இது. காரணம் எளிது. போட்டி இல்லாததால வந்த லாபத்துல ரெண்டு பேருக்கும் பங்கு இருந்தது.

இந்த இடத்துல கதை கொஞ்சம் மாஃபியா படம் மாதிரி ஆகுது. செனட்ல இந்த மசோதாவைக் கவனிச்ச குழுவோட தலைவர் நெவாடா செனட்டர் ஹோவர்ட் கேனன். லாஸ் வேகஸ்ல, யூனியனோட பென்ஷன் ஃபண்டுக்குச் சொந்தமான ஒரு நிலத்தை அவருக்குச் சகாய விலைக்குத் தர்றதாச் சொல்லி மசோதாவை நிறுத்தப் பார்த்தாங்கன்னு வழக்கு. 1982 டிசம்பர்ல டீம்ஸ்டர்ஸ் தலைவர் ராய் வில்லியம்ஸும், ஆலன் டார்ஃப்மன்னு அந்தப் பென்ஷன் ஃபண்டைச் சுத்தி வந்த ஒருத்தரும் குற்றவாளிகள்னு தீர்ப்பாச்சு. அடுத்த மாசம் டார்ஃப்மனை சிகாகோ புறநகர்ல ஒரு ஹோட்டல் பார்க்கிங்ல சுட்டுக் கொன்னாங்க. கேனன் மேல குற்றச்சாட்டு எதுவும் இல்ல. நிலமும் அவர் கைக்குப் போகல. மசோதா எப்பவோ சட்டமாகியிருந்தது.

1980 ஜூலை 1. கார்ட்டர் புதிய மோட்டார் கேரியர் சட்டத்துல கையெழுத்துப் போட்டார். லைசென்ஸ் கிடைக்கிறது சுலபம் ஆச்சு, வாடகையில பேரம் வந்தது, திரும்பும்போது ஏத்துற தடை போச்சு. அன்னிக்கு வரைக்கும் ஒரு ரூட் உரிமையை ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிகிட்ட லட்சக்கணக்கான டாலருக்கு வாங்கிக்கிட்டு இருந்தது. பேலன்ஸ் ஷீட்ல அது சொத்து. அந்த வருஷக் கடைசியில அமெரிக்கக் கணக்கியல் வாரியம், அந்த உரிமைக்கெல்லாம் இனிமே மதிப்பில்ல, கணக்குல இருந்து தள்ளிடுங்கன்னு ஒரு விதியே போட்டது. யார் வேணா வாங்கலாம்னு ஆன லைசென்ஸுக்கு என்ன விலை?

அடுத்த பத்து வருஷத்துல லைசென்ஸ் வாங்கின லாரி கம்பெனிகள் ரெண்டு மடங்குக்கு மேல ஆகி, 1990 வாக்குல 40,000-ஐத் தாண்டிடுச்சு. இதுல பெரும்பாலானவை ஒரு லாரி, ரெண்டு லாரி வெச்சு ஓட்டுறவங்க. இன்னிக்கும் அமெரிக்க லாரி கம்பெனிகள்ல பத்துக்கு ஒன்பதுக்கு மேல, பத்து லாரி அல்லது அதுக்கும் குறைவா வெச்சிருக்கிறவைதான். டிரைவரே முதலாளி, அவரே கணக்குப்பிள்ளை. அவர் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டே அடுத்த லோடுக்கு நாலு ஃபேக்டரிக்கு போன் போட முடியாது. இந்தப் பக்கம் ஃபேக்டரிக்காரருக்கு, நேத்து வரைக்கும் தெரிஞ்ச பத்துப் பேருக்குப் பதிலா இன்னிக்கு முகம் தெரியாத நாற்பதாயிரம் பேர். யார் நல்லவர், யாருக்கு இன்சூரன்ஸ் இருக்கு, இன்னிக்கு நியாயமான வாடகை எவ்வளவு? சுதந்திரம் வந்ததும் கூடவே குழப்பமும் வந்தது. அந்தக் குழப்பத்தைத் தீர்த்து வைக்கிறதுதான் புரோக்கரோட சரக்கு. மண்டியில தக்காளிக்கு லாரி பிடிச்சுப் பழகினவங்க, அதே வித்தையை சோப்புக்கும் டிவிக்கும் பேப்பர் ரோலுக்கும் காட்ட ஆரம்பிச்சாங்க.

அதே காலத்துல இன்னொரு சின்ன விஷயம் நடந்தது. ஓரிகன் மாநிலம் போர்ட்லண்ட்ல ஜூபிட்ஸ்னு ஒரு டிரக் ஸ்டாப். நம்ம ஹைவே தாபா மாதிரி லாரி டிரைவர்கள் சாப்பிட்டு, டீசல் போட்டு, தூங்கிட்டுப் போற இடம், ஆனா ரொம்பப் பெரிசு. டயல்-ஏ-டிரக்னு 1978-ல அங்க ஒரு சேவை ஆரம்பிச்சது. எந்த ஊருக்கு லோடு இருக்குன்ற தகவல் டிவி திரையில ஓடும். காபி குடிச்சுக்கிட்டே பார்த்து, கீழ இருக்கிற நம்பருக்கு டிரைவர் போன் போடுவார். அதுதான் இன்னிக்கு டிஏடின்ற பேர்ல, புரோக்கர்களும் லாரிக்காரங்களும் தினமும் திறந்து பார்க்கிற ஆன்லைன் லோடு போர்டு.

சரி, அப்போ ஒரு பிசினஸ் எப்போ புரோக்கர்கிட்ட போகணும்?

தக்காளிக்கிட்டயே கேளுங்க. உங்க சரக்கு தக்காளி மாதிரி இருந்தா, அதாவது எப்போ எவ்வளவு வரும்னு தெரியாது, ஊர் மாறிக்கிட்டே இருக்கும், சீசன்ல குவியும், மத்த நாள்ல காயும்னா, புரோக்கருக்குக் கொடுக்கிற அந்த 15 சதவீதம் வீண் செலவு இல்ல. நீங்க லாரி வாங்கி நிறுத்தி வைக்காததுக்கும், லாரி பிடிக்கத் தனியா ஆள் போடாததுக்கும் கொடுக்கிற விலை அது. புது ஊருக்கு முதல் தடவை சரக்கு அனுப்பும்போதும் அப்படித்தான். உங்க வழக்கமான லாரிக்காரர் திடீர்னு கையை விரிச்சாலும் அப்படித்தான்.

அதுக்கு மாறா, வாரா வாரம் திங்கள், புதன், வெள்ளி ஒரே குடோன்ல இருந்து ஒரே ஊருக்கு நாலு லோடுன்னா, அது 1935 ரூட் மாதிரி. எல்லாம் முன்கூட்டியே தெரியும். அங்க தீர்க்கிறதுக்குக் குழப்பமே இல்லாதப்போ, குழப்பத்தைத் தீர்க்கிறவருக்கு எதுக்குக் காசு? ஒரு நல்ல லாரி கம்பெனிகிட்ட நேரா ஒப்பந்தம் போடுறதுதான் புத்திசாலித்தனம். அவங்களுக்கும் நிலையான லோடு கிடைக்கும், டிரைவருக்கு உங்க குடோன் கேட்டும் வாட்ச்மேனும் பழகிடும். பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் ரெண்டையும் கலந்துதான் செய்யும். நிலையானதுக்கு ஒப்பந்தம், மிச்சத்துக்கு புரோக்கர்.

மலிவா கிடைக்குதேன்னு எல்லாத்தையும் புரோக்கர்கிட்டயும் அன்னன்னைய வாடகையிலயும் விடுறது ஆபத்து. அன்னிக்கு மார்க்கெட்ல என்ன ரேட்டோ அதுக்குப் பேர் ஸ்பாட் ரேட். லாரி அதிகமா இருக்கிற வருஷத்துல அது ஒப்பந்த வாடகையைவிடக் குறைவா இருக்கும். 2021 மாதிரி, கோவிட்ல எல்லாரும் வீட்ல உட்கார்ந்து ஆன்லைன்ல வாங்கித் தள்ளின வருஷத்துல, ஸ்பாட் ரேட்டை மட்டும் நம்பியிருந்தவங்க அண்ணாந்து பார்க்க வேண்டியதாச்சு.

இன்னொரு கேள்வியும் இருக்கு. எனக்கு இதுதான் முக்கியமாப் படுது. சரக்கு தொலைஞ்சா யார் பொறுப்பு? 1906-ல ரயிலுக்காக வந்து, அப்புறம் லாரிக்கும் பொருந்தின கார்மக் திருத்தம்னு ஒரு சட்டம் இருக்கு. சரக்கு ஏத்திட்டுப் போனவர் கையில அது தொலைஞ்சாலோ சேதமானாலோ, சில விதிவிலக்குகள் தவிர, அவர்தான் நஷ்டஈடு கொடுக்கணும். தப்பு அவருடையதுன்னு நீங்க நிரூபிக்க வேண்டாம். ஆனா இது லாரிக்காரருக்கு மட்டும். புரோக்கர் சரக்கை ஏத்திட்டுப் போகல, போன்ல பேசினதோட சரி. அதனால அவர் இந்தச் சட்டத்துக்குள்ள வர மாட்டார். நீங்க போன்ல பேசின ஆள், இன்வாய்ஸ் அனுப்பின ஆள், பணம் வாங்கின ஆள் எல்லாம் ஒருத்தர். சரக்கு காணோம்னா நீங்க போய் நிக்க வேண்டியது, பேர்கூடக் கேட்டிருக்காத வேற ஒருத்தர் முன்னாடி. நிறைய சின்ன பிசினஸ்காரங்களுக்கு இது சரக்கு காணாம போன அன்னிக்குத்தான் தெரிய வரும்.

புரோக்கர் கட்டியிருக்கிற ஜாமீன் பத்திரம் கை கொடுக்குமா? ரொம்ப வருஷம் அது வெறும் 10,000 டாலர். 2012-ல வந்த சட்டத்தால, 2013 அக்டோபர்ல இருந்து 75,000 ஆச்சு. அந்தத் தொகையைக் கட்ட முடியாம ஆயிரக்கணக்கான சின்ன புரோக்கர்கள் லைசென்ஸை இழந்தாங்க. சின்னவங்களை ஒழிக்கப் பெரியவங்க பண்ண வேலைன்னு அப்போ புலம்பல் இருந்தது, அதுல நியாயமும் இருக்கு. ஆனா அந்தப் பத்திரத்தோட முக்கிய நோக்கமே, வாடகை கிடைக்காத லாரிக்காரருக்குப் பணம் கிடைக்கணும்ன்றதுதான். உங்க தொலைஞ்ச சரக்குக்கான இன்சூரன்ஸ்னு அதை நினைச்சுக்கக் கூடாது. அதுவும் போதாதப்போ, ஓடிப்போன புரோக்கருக்கு நீங்க ஏற்கெனவே கொடுத்த வாடகையை, லாரிக்காரர் உங்ககிட்டயே திரும்பக் கேட்டு வரலாம். சில வழக்குகள்ல நீதிமன்றம் கொடுக்கத்தான் வேணும்னும் சொல்லியிருக்கு.

லாரிக்காரங்க பக்கமும் பார்க்கணும். 1980-க்கு அப்புறம் வாடகை குறைஞ்சது, கடைக்காரருக்கும் வாங்குறவருக்கும் நல்லதாச்சு. அந்த லாபத்தோட ஒரு பகுதி டிரைவர் சம்பளத்துல இருந்து வந்தது. மைக்கேல் பெல்சர்ன்ற பொருளாதார அறிஞர் 2000-ல இதைப் பத்தி ஒரு புத்தகமே எழுதினார். 'ஸ்வெட்ஷாப்ஸ் ஆன் வீல்ஸ்'னு தலைப்பு, அதாவது சக்கரத்துல ஓடுற கசக்கிப் பிழியிற பட்டறைகள். 2020 மே மாசம் கோவிட்ல ரேட் விழுந்தப்போ, சொந்த லாரி வெச்சிருக்கிறவங்க வாஷிங்டன்ல வெள்ளை மாளிகைக்குப் பக்கத்துல லாரியை வரிசையா நிறுத்திப் போராட்டம் பண்ணாங்க. சரக்குக்காரர் எவ்வளவு கொடுத்தார்னு எங்களுக்குக் காட்டுங்கன்றதுதான் முக்கியக் கோரிக்கை. இதுல ஒரு விசித்திரம் இருக்கு. ஒவ்வொரு லோடோட கணக்கையும் எழுதி வைக்கணும், சம்பந்தப்பட்டவங்க கேட்டா காட்டணும்னு புரோக்கருக்கு ஏற்கெனவே விதி இருக்கு. ஆனா லோடு வேணும்னா அந்த உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுன்னு புரோக்கர்கள் ஒப்பந்தத்துலயே எழுதிடுவாங்க. அடுத்த மாச டியூ கட்டணும், என்ன பண்றது, போட்டுக் கொடுத்துடுவாங்க. சரக்குக்காரருக்கும் அதே உரிமை இருக்குன்றது நிறைய பேருக்குத் தெரியவே தெரியாது.

இதுக்கெல்லாம் ஆப் ஒண்ணு போட்டா தீர்ந்துடும்னு நம்பினவங்களும் இருந்தாங்க. 2015-ல சியாட்டில்ல கான்வாய்னு ஒரு ஸ்டார்ட்அப். ஆரம்பிச்சவங்க முன்னாள் அமேசான்காரங்க. ஜெஃப் பெசோஸ், பில் கேட்ஸ் ரெண்டு பேர் பணமும் அதுல இருந்தது. புரோக்கர் போன் போட்டுப் பண்றதை அல்காரிதம் பண்ணும்னு பேச்சு. 2022-ல மதிப்பு 3.8 பில்லியன் டாலர். 2023 அக்டோபர்ல மூடிட்டாங்க. கோவிட் அலை வடிஞ்சு சரக்கு குறைஞ்சது ஒரு காரணம். என்னைக் கேட்டா, இன்னொண்ணும் இருக்கு. சும்மா நிக்கிற லாரியைக் கண்டுபிடிக்கிறது இந்த வேலையில சுலபமான பாதி. அந்த லாரி நடுராத்திரி பனியில பிரேக்டவுன் ஆகும்போது சரக்குக்காரர்கிட்ட என்ன சொல்றது, மாத்து வண்டிக்கு யாரை எழுப்புறதுன்றது கஷ்டமான பாதி. அந்தப் பாதிக்கு இன்னும் ஆள் தேவைப்படுது. கான்வாயோட சாஃப்ட்வேர் முதல்ல ஃப்ளெக்ஸ்போர்ட் கைக்குப் போச்சு. 2025-ல அதை வாங்கினது யார் தெரியுமா? டிஏடி. போர்ட்லண்ட் டிரக் ஸ்டாப்ல டிவி திரையோட ஆரம்பிச்ச அதே டிஏடி.

ஆளைப் பார்க்காம எல்லாம் ஸ்கிரீன்லயே முடியறதுக்கு வேற ஒரு விலையும் இருக்கு. 2024 நவம்பர்ல, டிவி சமையல்காரர் கை ஃபியரியும் ராக் பாடகர் சாமி ஹேகரும் நடத்துற சான்டோ டெக்கீலா கம்பெனியோட ரெண்டு லாரி சரக்கு, டெக்ஸாஸ் எல்லைல இருக்கிற லரேடோவில இருந்து பென்சில்வேனியாவுக்குக் கிளம்புச்சு. 24,000க்கு மேல பாட்டில், பத்து லட்சம் டாலருக்கு மேல மதிப்பு. போய்ச் சேரவே இல்ல. புரோக்கர் லோடைக் கொடுத்த ஆள் இன்னொருத்தருக்குக் கைமாத்தி, அந்த லாரி உண்மையில எங்க போகுதுன்னு யாருக்கும் தெரியாம, வண்டி இந்த இடத்துல வருதுன்னு பொய்யான தகவல் மட்டும் வந்துக்கிட்டே இருந்தது. ஒரு லாரி சரக்கு மட்டும் அப்புறம் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் கிடைச்சது. இந்தக் கைமாத்துற வேலைக்கு டபுள் புரோக்கரிங்னு பேர். லாரிக்காரர் தனியா புரோக்கர் லைசென்ஸ் இல்லாம இப்படிக் கைமாத்துறது சட்டவிரோதம். ஆனா நிஜ லாரி கம்பெனியோட பேரையும் லைசென்ஸ் நம்பரையும் திருடி ஒரு ஈமெயில் ஐடி உருவாக்கிட்டா, அந்த நேரத்துல சட்டம் என்ன பண்ணும்?

அதனால இன்னிக்கு அமெரிக்காவுல கவனமா இருக்கிற சரக்குக்காரங்க புரோக்கரைக் கேட்கிற கேள்வி மாறியிருக்கு. முன்னாடி "ரேட் எவ்வளவு?" இப்போ, "லாரி கம்பெனியை நீங்க எப்படிச் சரிபார்க்கிறீங்க?" லோடை வேற யாருக்கும் கைமாத்தக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல எழுதி வாங்குறாங்க. சரக்கு இன்சூரன்ஸ் சான்றிதழை லாரிக்காரர் அனுப்புற காகிதத்துல பார்க்காம, இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுக்கே போன் பண்ணிக் கேட்கிறாங்க. லாரி கம்பெனிக்குப் பேசும்போதும் ஈமெயில்ல வந்த நம்பருக்குப் பேசுறது இல்ல. எஃப்எம்சிஎஸ்ஏன்ற அரசு அமைப்போட வெப்சைட்ல யார் வேணா இலவசமா அந்த கம்பெனியோட பதிவைப் பார்க்கலாம், அங்க இருக்கிற நம்பருக்குத்தான் கூப்பிடுறாங்க. வண்டி குடோனுக்கு வந்ததும் கதவுல எழுதியிருக்கிற கம்பெனி பேரும், பேப்பர்ல இருக்கிற பேரும் ஒண்ணான்னு வாட்ச்மேன் பார்க்கிறார். ஒண்ணு இல்லைன்னா ஏத்துறது இல்ல.